மன்னனைப் பிடித்துவிட்ட கைகள்

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒக்கலிபுரத்தில் முடிதிருத்தும் கடை ஒன்றில் அமர்ந்திருந்தேன். முடி வெட்டி முடிந்ததும், கடைக்காரர் நான் கேளாமலேயே உச்சியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். விரல்களால் அழுத்தினார், நெற்றிப் பொட்டைத் தேய்த்தார், பிடரியைப் பிசைந்தார், இறுதியில் இரு கைகளையும் குவித்துத் தலையில் தாளம் போட்டார். தேர்வுக்குப் படித்துப் படித்துக் கனத்துக் கிடந்த தலை பஞ்சாயிற்று. கண்ணாடிக்குக் கீழே பலகையில் ஷாம்புப் புட்டிகள் வரிசையாக நின்றன. அந்தப் புட்டியின்மேல் எழுதியுள்ள சொல்லும், அவர் கைகள் அப்போது செய்த வேலையும் ஒன்றே என்பதை நான் அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அங்கே காத்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஆனால் உண்மை அதுதான். ஷாம்பு என்பது ஆங்கிலேயர் தாமாகப் படைத்த சொல் அன்று. அழுத்து, பிசை என்று பொருள்படும் சாம்போ என்னும் இந்துஸ்தானிச் சொல்லே ஆங்கிலேயர் நாவில் ஷாம்பு ஆயிற்று. உடம்பைப் பிடித்துவிடுவதற்குத்தான் நெடுங்காலம் அவர்கள் அச்சொல்லை வழங்கினார்கள். தலை முடியைக் கழுவுதல் என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லையும் அந்தக் கலையையும் இங்கிலாந்தில் ஊரறியச் செய்த இந்தியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஷேக் தீன் முகம்மது. பிறந்த மண்ணைவிட்டு வேற்று மொழி பேசும் ஊரில் வாழ வந்திருக்கும் நம்மைப் போன்ற மாணவர்கள் அவர் வரலாற்றை அறிந்துகொள்வது நன்று. அதிலே பாராட்டவும் இடம் உண்டு. வருந்தவும் இடம் உண்டு.

பாசறையில் வளர்ந்த சிறுவன்

தீன் முகம்மது 1759-ஆம் ஆண்டு பாட்னா நகரில் பிறந்தார். பிளாசிப் போர் நடந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி வணிகம் செய்ய வந்த நிலை மாறி, ஆள வந்ததாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய தந்தை கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றியவர். 1769-இல், வங்காளத்தைப் பெரும் பஞ்சம் சூழத் தொடங்கிய ஆண்டில், பணியின்போதே அவர் உயிரிழந்தார். மூத்த மகன் தந்தையின் இடத்துக்குப் போனான். இளைய மகன் தாயிடம் எஞ்சினான்.

பாட்னாவில் வெள்ளை அதிகாரிகளின் பளபளக்கும் உடையும் கொட்டு முழக்கமும் அந்தச் சிறுவனின் மனத்தைக் கவர்ந்தன. அயர்லாந்தைச் சேர்ந்த காட்ஃப்ரி ஈவன் பேக்கர் என்னும் இளம் அதிகாரி அவனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். தாய் தடுத்தும் மகன் கேட்கவில்லை. பத்து வயதளவில் பாசறைக்குள் நுழைந்த அவர், பல ஆண்டுகள் அந்தப் படையோடு வட இந்தியாவெங்கும் அலைந்தார். ஏவலனாகத் தொடங்கிய வாழ்வு, சமாதார், சுபேதார் என்ற பதவிகள் வரை உயர்ந்தது. 1782-இல் பேக்கர் பதவியை விட்டு விலகினார். அவருடன் தீன் முகம்மதுவும் விலகினார். 1784-இல் இருவரும் கப்பலேறினர். அதற்குப் பிறகு தீன் முகம்மது தாய்நாட்டு மண்ணை மிதிக்கவேயில்லை.

அயர்லாந்தில் கார்க் என்னும் துறைமுக நகரில் பேக்கரின் குடும்பத்தாரிடம் அவர் வாழ்ந்தார். ஆங்கிலம் கற்றார். 1786-இல் ஜேன் டேலி என்னும் அயர்லாந்துப் பெண்ணைக் காதலித்து, ஊரைவிட்டு அழைத்துச் சென்று மணந்தார். கிறித்தவ சமயத்தில் சேர்ந்தார். 1794-இல் தம் இந்தியப் பயணங்களைக் கடித வடிவில் இரண்டு பாகங்கள் கொண்ட நூலாக எழுதி வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி அச்சேற்றிய முதல் நூல் அதுவே. அச்சுக் கூலிக்காக முன்பணம் கட்டியவர்கள் மட்டும் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள் என்றால், அந்த ஊரில் அவர் பெற்றிருந்த நன்மதிப்பை நாம் உணரலாம். 1799-இல் மேலைநாடு சென்ற மிர்சா அபூ தாலிப் கான் என்பவர் கார்க் நகரில் அவரைச் சந்தித்து, தம் பாரசீகப் பயண நூலில் அதைக் குறித்து வைத்திருக்கிறார்.

விழுந்தவர் எழுந்தார்

ஏறத்தாழ 1807-இல் தீன் முகம்மது குடும்பத்தோடு லண்டன் சேர்ந்தார். அங்கேதான் அவர் வாழ்வில் ஒரு சென்னைத் தொடர்பு வந்து சேர்கிறது. பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துச் செல்வர் பதினாறு வயதில் சென்னைக்கு வந்து, கம்பெனியில் பணியாற்றி, பிறகு ஆங்கிலக் கடற்படைக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒப்பந்தக்காரராகிப் பெரும் பொருள் திரட்டியவர். ஊர் திரும்பிய அவர் லண்டனில் போர்ட்மன் சதுக்கத்தில் நீராவிக் குளியல் நிலையம் ஒன்றை அமைத்தார். தீன் முகம்மது அங்கே வேலைக்கு அமர்ந்தார். வெறும் ஆவிக் குளியலோடு இந்திய முறையில் உடம்பு பிடித்துவிடுவதையும் சேர்த்தார். வந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் பெயர் முதலாளிக்கே போயிற்று.

தமக்கென ஒரு தொழில் வேண்டும் என்று எண்ணிய அவர், 1810-இல் ஜார்ஜ் தெருவில் இந்துஸ்தான் காப்பி இல்லம் என்னும் உணவு விடுதியைத் திறந்தார். மூங்கில் நாற்காலி, உக்கா, இந்தியச் சமையல் எல்லாம் இருந்தன. லண்டனில் இந்தியர் நடத்திய முதல் உணவு விடுதி அது. புதுமை இருந்தது, போதிய வருவாய் இல்லை. 1812-இல் அவர் கடனில் மூழ்கி, திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். வயதோ 53. மனைவி மக்கள் உண்டு; கையில் காசில்லை. வீட்டு வேலைக்கு ஆள் தேவையா என்று நாளிதழில் விளம்பரம் செய்யும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். நூல் எழுதிய கை மீண்டும் ஏவல் வேலை தேடியது.

1814-இல் அவர் கடற்கரை நகரமான பிரைட்டனுக்குச் சென்றார். கடல்நீரில் குளித்தால் நோய் தீரும் என்று நம்பிச் செல்வர்கள் குவிந்த ஊர் அது. பட்டத்து இளவரசர் அங்கே அரண்மனை கட்டிக்கொண்டிருந்தார். அவ்வூரில் தீன் முகம்மது முதலில் இந்தியப் பற்பொடியும் முடிச் சாயமும் விற்றார். பிறகு தமக்குத் தெரிந்த பழைய கலையைக் கையில் எடுத்தார்.

கைகள் செய்த வேலை

மூலிகைகள் இட்ட வெந்நீரின் ஆவியில் நோயாளி நன்றாக வியர்க்கும்வரை இருப்பார். பிறகு அவரைக் கம்பளித் துணியாலான கூடாரம் ஒன்று சூழும். அந்தக் கூடாரத்தில் சட்டைக்கு இருப்பது போலக் கைகள் தைக்கப்பட்டிருக்கும். வெளியே நிற்பவர் அவற்றின் வழியே தம் கைகளை நுழைத்து, உள்ளே இருப்பவரின் உடம்பைப் பிசைந்து, நீவி, அழுத்திவிடுவார். பெண்களுக்கான பகுதியை ஜேன் அம்மையார் மேற்பார்வை செய்தார். தொடக்கத்தில் ஊரார் ஏளனம் செய்தார்கள். தீன் முகம்மது சிலருக்குக் காசு வாங்காமல் மருத்துவம் செய்து காட்டினார். மூட்டு வலியும் பிடிப்பும் குறைந்தவர்கள் ஊன்றுகோலை அவரிடமே விட்டுச் சென்றார்கள். அந்த ஊன்றுகோல்களை அவர் சுவரில் மாட்டி வைத்தார். அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறென்ன வேண்டும்?

1821-இல் கடற்கரைச் சாலையில் முகம்மதுவின் குளியல் மாளிகை எழுந்தது. மருத்துவர்களே நோயாளிகளை அங்கே அனுப்பினர். நான்காம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தம் ஷாம்பு மருத்துவராக அமர்த்திக்கொண்டார். அடுத்து வந்த நான்காம் வில்லியமும் அப்பதவியை அவருக்கு அளித்தார். பாட்னாவிலிருந்து வந்த ஏவலன், உலகின் பெரும் பகுதியை ஆண்ட அரசனின் தோளைப் பிடித்துவிடும் உரிமை பெற்றார்.

இந்தக் கைவேலை நமக்குப் புதிதா? நம் சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்று அழைக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாக அதைப் பிரிக்கிறது. கேரளத்தார் எண்ணெய் இட்டு நீவுவதை உழிச்சில் என்றும், சூடான தைலத்தைத் துணியால் பிழிந்து ஊற்றித் தேய்ப்பதைப் பிழிச்சில் என்றும், பாலில் வெந்த நவரை அரிசியைத் துணியில் முடிந்து ஒற்றுவதை நவரக்கிழி என்றும் வழங்குவர். மேலைநாட்டில் தீன் முகம்மதுவுக்குப் பிறகு, ஆம்ஸ்டர்டம் நகர மருத்துவர் மெட்ஸ்கர் நீவல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என வகைப்படுத்தினார். அவை இன்று சுவீடன் முறை என்ற பெயரில் உலகெங்கும் வழங்குகின்றன. பெயர்தான் வேறு, விரலுக்குத் தெரிந்த இலக்கணம் பெரிதும் ஒன்றே.

பயன் என்ன? நீவும்போது தோலடி நரம்புகள் அமைதி பெறுகின்றன. இறுகிய தசை தளர்கிறது. இடுப்பு வலி, கழுத்து வலி உள்ளவர்களுக்குச் சில காலமேனும் ஆறுதல் கிடைக்கிறது. மனப் பதற்றம் குறைகிறது. இவற்றை இன்றைய மருத்துவம் ஒப்புகிறது. ஆயின் எல்லா நோயையும் கை தீர்த்துவிடாது. எலும்பு முறிந்த இடத்திலும், காய்ச்சலிலும், காலில் இரத்தம் உறைந்து வீங்கியிருக்கும்போதும் பிடித்துவிடுவது தீங்கு. ஈளை, முடக்குவாதம், பக்கவாதம் என்று நீண்ட பட்டியலையே தம் சிகிச்சையால் தீர்த்ததாகத் தீன் முகம்மது எழுதினார். அந்தக் கால விளம்பரத்தின் மிகை அது என்றே நாம் கொள்ள வேண்டும்.

இரண்டு நூல்கள்

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. 1822-இல் அவர் ஷாம்பு மருத்துவம் பற்றி ஒரு நூல் எழுதி மன்னருக்குக் காணிக்கையாக்கினார். அதிலே தாம் பிறந்தது 1749-ஆம் ஆண்டு என்றார். கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, அறுவை மருத்துவராகப் படையில் சேர்ந்ததாகவும் எழுதினார். 1794-இல் அவரே எழுதிய முதல் நூலோ, பத்து வயதில் பாசறைக்குள் ஓடிவந்த சிறுவனைக் காட்டுகிறது. மருத்துவம் பயில்வதற்கு இடம் வேண்டித் தம் வயதில் பத்து ஆண்டுகளைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய ஒரு நூலே மற்றொரு நூலுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

ஏன் பொய் சொன்னார்? பேராசையா? இல்லை என்றே நான் கருதுகிறேன். வீட்டிலும் பாசறையிலும் கண்டு கற்ற கைவேலை இது என்று சொல்லியிருந்தால், இங்கிலாந்துச் சீமான்கள் தம் உடம்பை அவர் கையில் ஒப்படைத்திருப்பார்களா? ஏவலன் தொட்டால் அது பணிவிடை. மருத்துவன் தொட்டால் அது சிகிச்சை. இரண்டும் அதே கைதான். அந்தக் கைக்கு மதிப்பு வாங்க அவர் ஒரு பட்டத்தைக் கற்பனை செய்தார்.

அவரைக் குறைகூற முற்படுமுன் நம் வீட்டை நாம் பார்க்க வேண்டாமா? தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முடிதிருத்துவோரே கட்டி அறுத்து மருந்திட்டார்கள், பிடிப்பு எடுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். பச்சைக் குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்து நீராட்டினார்கள். அச்சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரே உண்டு. நம்மில் எத்தனை பேரின் பாட்டன் பாட்டியர் முதலில் உணர்ந்த கை மருத்துவச்சியின் கையாக இருந்திருக்கும்! அந்தக் கைக்கு நாம் கொடுத்தது என்ன? திண்ணைக்குக் கீழே ஓர் இடம். அறுவடையில் சில படி நெல். உடம்பைத் தொட விட்டோம். வீட்டைத் தொட விடவில்லை. இந்தக் கொடுமையை அறிந்த நாட்டிலிருந்து சென்றவர், உண்மையான ஆசான்களை மறைத்துக் கல்கத்தா மருத்துவமனையைச் சொன்னதில் வியப்பில்லை. ஆனால் வருத்தம் உண்டு. அவர் அரசனிடம் பெற்ற பெருமையில் ஒரு பங்கு அந்தப் பெயரற்ற ஆசான்களைச் சேர வேண்டியது. அது சேராமலே போயிற்று.

இங்கிலாந்திலும் இந்த மதிப்பு எளிதில் வந்துவிடவில்லை. பிடித்துவிடும் தொழிலைப் பற்றி இழிவான பேச்சுகள் எழுந்தபோது, 1894-இல் செவிலியர் நால்வர் ஒன்றுகூடிப் பயிற்சி பெற்ற பெண்களுக்கான சங்கம் ஒன்றை நிறுவினார்கள். பாடம் வகுத்தார்கள், தேர்வு வைத்தார்கள், நெறிகளை விதித்தார்கள். அந்தச் சங்கமே வளர்ந்து இன்று அந்நாட்டின் இயன்முறை மருத்துவர் சங்கமாக விளங்குகிறது. கற்பனைப் பட்டம் செய்ய முடியாததைக் கல்வியும் கட்டுப்பாடும் செய்தன.

அந்தியும் விடியலும்

தீன் முகம்மதுவின் இறுதிக் காலம் இனியதன்று. போட்டிக் குளியல் நிலையங்கள் பெருகின. 1837-இல் பட்டமேறிய விக்டோரியா அரசிக்குப் பிரைட்டன் பிடிக்கவில்லை. 1841-இல் பங்குதாரர் இறந்த பின் குளியல் மாளிகை ஏலத்துக்கு வந்தது. அதைத் தாமே வாங்கும் அளவு அவரிடம் பணம் இல்லை. தம் பெயர் தாங்கிய மாளிகையைப் பிறர் கையில் விட்டுவிட்டு, சிறிய வீடொன்றில் தொழிலைத் தொடர்ந்தார். 1850-இன் இறுதியில் ஜேன் மறைந்தார். 64 ஆண்டுத் துணை பிரிந்த சில மாதங்களுக்குள், 1851 பிப்ரவரியில், தீன் முகம்மதுவும் மறைந்தார். பிரைட்டன் தூய நிக்கலசு கோயில் தோட்டத்தில் அவர் கல்லறை உள்ளது. வயது 101 என்று அந்தக் கல் சொல்கிறது. அவர் வாழ்ந்ததோ ஏறத்தாழ 92 ஆண்டுகள். பொய் கல்லிலும் ஏறிவிட்டது.

நெடுங்காலம் உலகம் அவரை மறந்திருந்தது. பின்னர் ஆராய்ச்சியாளர்கள் அவரை மீட்டெடுத்தார்கள். 1990-களில் அவருடைய பயண நூல் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. 2005-இல் லண்டனில் அவருடைய உணவு விடுதி இருந்த இடத்தருகே நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

ஆனால் அவருக்கு உண்மையான நினைவுச் சின்னம் வேறொன்று. அவர் மறைவதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 1849-இல், பிரைட்டனில் ஒரு பேரன் பிறந்தான். பிரெடரிக் அக்பர் முகம்மது என்பது அவன் பெயர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் முறையாகப் பயின்று மருத்துவரானான். நாடித் துடிப்பை வரைந்து காட்டும் கருவியைச் செம்மைப்படுத்தினான். சிறுநீரகம் கெடாத மனிதரிடத்தும் இரத்த அழுத்தம் மிகுந்திருக்கக் கூடும் என்று கண்டறிந்தான். 1884-இல் 35-ஆம் வயதில் குடற்காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று. ஆயினும் இன்று மருத்துவர் நம் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கும்போதெல்லாம், அந்த இளைஞன் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் பயனையே நாம் பெறுகிறோம். பாட்டன் கற்பனையாகச் சூடிய பட்டத்தைப் பேரன் உழைத்துப் பெற்றான். மதிப்புக்காக ஒருவர் பொய் சொல்ல நேர்ந்த வீட்டிலிருந்து, மெய்யைத் தேடிய ஒருவன் எழுந்தான்.

தோழர்களே! நாம் பட்டம் பெறப் போகிறோம். பட்டம் இருக்கும் கை உயர்ந்தது, பட்டம் இல்லாத கை தாழ்ந்தது என்று எண்ணத் தொடங்கும் நேரமும் அதுவே. இந்த நகரின் உயர்ந்த விடுதிகளிலும் இயற்கை மருத்துவ நிலையங்களிலும் இதே பிடித்துவிடும் கலைக்கு மணிக் கணக்கில் ஆயிரக் கணக்கான ரூபாய் கொடுக்கிறார்கள். ஒக்கலிபுரத்துக் கடைக்காரர் அதை முடிவெட்டுக் கூலியோடு சேர்த்து, கேளாமலேயே கொடுத்தார். அடுத்த மாதம் நான் போனபோது அவர் பெயரைக் கேட்டேன். யாரிடம் கற்றீர்கள் என்றும் கேட்டேன். சற்று வியந்து என்னைப் பார்த்தார். பிறகு, தம் தந்தையின் பெயரைப் பெருமையோடு சொன்னார்.